எரியாத ரேடியம்

என் அக்காவின் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. மாப்பிள்ளை இடது கையை நீட்டியபடி நிற்கிறார். நான் அந்தக் கையில் வாட்ச் கட்டிவிடுகிறேன். என் கன்னத்தில் கண்ணீர் ஓடுவது பளிச்சென்று விழுந்திருக்கிறது. இந்தப் படத்தைப் பார்க்கிற யாரும், "அக்கா மேல இன்னா பாசம் பாரு இந்தப் புள்ளைக்கு" என்று உச்சுக்கொட்டாமல் பக்கத்தைத் திருப்பியது கிடையாது. ஐம்பதை எட்டிப் பார்க்கிற இந்த வயசிலும் அந்தப் பாராட்டு எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறேன். பையன் அழுதது வாட்சுக்காக என்பது படத்தில் விழவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போட வேண்டும். மோதிரத்தைப் பெண்ணின் அப்பா போடுவார். வாட்சைப் பெண்ணின் தம்பி கட்டிவிடுவான். தம்பி இல்லாத வீட்டில் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று ஒருவனைப் பிடித்து வந்து நிறுத்துவார்கள். அப்போதெல்லாம் பேட்டரி போட்டு, தங்க நிறத்தில் மினுக்குகிற புது வாட்சைத்தான் எல்லோரும் வாங்கிக் கட்டினார்கள். அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு மட்டும் வேறு யோசனை உதித்தது. புது வாட்சை எவன் வேண்டுமானாலும் கடையில் வாங்கிப் போடுவான், வம்சத்து வாட்சை எவன் போடுவான் என்று கேட்டார். என்னை யாரும் கேட்கவே இல்லை.

வம்சத்து வாட்ச் என்றால் தாத்தாவுடையது. சாவி கொடுத்தால்தான் ஓடும். முகம் பழைய பல் மாதிரி மஞ்சள் அடித்திருக்கும். எண்களின் மேல் பச்சையாக ஏதோ பசை தடவியிருக்கும். ஆறாம் எண்ணுக்குக் கீழே எறும்பு எழுத்தில் 'ஸ்விஸ் மேட்' என்று போட்டிருக்கும். மகாபலிபுரம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரரின் கார் சேற்றில் மாட்டிக்கொண்டபோது, மாடு பூட்டி இழுத்துவிட்டதற்குக் கிடைத்த பரிசு அது என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். மெட்ராசில் பழைய சாமான் விற்கிற சந்தில் பேரம் பேசி வாங்கியது என்று ஊரில் இன்னொரு கட்சி இருந்தது. அப்பா வெள்ளைக்காரர் கட்சி. நானும் அதே கட்சிதான், ஏனென்றால் அந்த வாட்ச் எனக்கு வரவேண்டியது.

"பத்தாவது பாஸ் பண்ணு, உனுக்குத்தான்" என்று அப்பாவே சொல்லியிருந்தார். நான் ஆறாவதில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பீரோவிலிருந்து அதை எடுத்துச் சாவி கொடுப்பதும், கண்ணாடியைத் துடைத்து வைப்பதும் என் பொறுப்பு. தண்ணீர் பட்டால் மெஷின் கெட்டுப்போகும் என்று அப்பா எச்சரித்திருந்ததால் நாக்கால் ஒரு இழுப்பு இழுத்துச் சட்டையில் தேய்ப்பேன். எச்சில் தண்ணீர் கணக்கில் சேராது என்பது என்னுடைய விஞ்ஞானம்.

அப்படி வாரா வாரம் நக்கி வளர்த்த வாட்சை நானே என் கையால் அந்நியன் ஒருவனுக்குக் கட்ட வேண்டும் என்றால் கண்ணீர் வராமல் என்ன வரும்? கட்டும்போது வாரை இரண்டு ஓட்டை உள்ளே தள்ளி இறுக்கினேன். மாப்பிள்ளையின் கை ராத்திரிக்குள் வீங்கிவிடும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நல்லா கட்டிக்கீறியே மச்சான்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் செய்த எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிப்பதற்கு அவரும் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் டேபிள் ஃபேன் அவர் பக்கம் திரும்பிவிடும். நான் பாடம் எழுதுகிற மர நாற்காலி அவருக்குப் போய்விடும். முன்பெல்லாம் அக்கா தோசை வார்த்தால், ஓரத்தில் முறுகலாக வருமே, அதைப் பிய்த்து என் தட்டில் போட்டுவிட்டுத்தான் நடுப்பகுதியை மற்றவர்களுக்கு வைப்பாள். இப்போது ஓரம், நடு எல்லாம் சேர்த்து முழு தோசையாக அவர் தட்டுக்குப் போனது. அவர் அதிகம் பேச மாட்டார். ஏதோ ஜோக்கை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே விடாத மாதிரி உதட்டோரத்தில் ஒரு இழுப்பு இருக்கும். அவர் வாயே திறக்காமல் அக்கா சிரிப்பாள். நான் கஷ்டப்பட்டுக் குட்டிக்கரணம் அடித்தால்கூட அவ்வளவு சிரித்ததில்லை.

ஆவணியில் கல்யாணம். தையில் தலைப்பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அவர்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில், கடலுக்குப் பக்கம். செங்கல்பட்டில் பஸ் மாறி, அரிசி மூட்டை, பானை, பூசணிக்காய், கரும்புக் கட்டு சகிதம் போய் இறங்கினோம். கரும்புக் கட்டு என் தலையில். யாரோ கடித்துத் துப்பப்போகிற கரும்பை நான் சுமக்கிறேனே என்கிற நினைப்பு அதன் எடையை இரண்டு மடங்காக்கியது.

மாப்பிள்ளையின் அம்மா பெரிய உடம்புக்காரி, பெரிய குரல்காரி. மகனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. அணு சம்பந்தப்பட்ட எதையும் எங்கள் பக்கத்தில் ஒரே வார்த்தையில் 'அட்டாமிக்' என்று முடித்துவிடுவார்கள். "எம் புள்ள அட்டாமிக்ல கீறான்" என்று அந்தம்மா சொல்கிறபோது, அவர் ஒரு நாள் லீவு போட்டால் மெட்ராசே இருட்டாகிவிடும் போலத் தோன்றும். பொங்கலுக்கு அந்தம்மாவின் தம்பியும் வந்திருந்தார். துபாயில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எதைப் பார்த்தாலும் எந்த நாட்டுச் சரக்கு என்று தீர்ப்புச் சொல்வார். டார்ச் லைட்டைப் பார்த்து "தைவான்" என்பார். என் அம்மா கொண்டுபோன எவர்சில்வர் தூக்கைத் தட்டிப் பார்த்து "லோக்கல்" என்றார். அவரை எல்லோரும் துபாய் மாமா என்றே கூப்பிட்டார்கள்.

காணும் பொங்கலன்று புதுஜோடி மகாபலிபுரம் போவதாக ஏற்பாடு. "பையனையும் இட்டுக்கினு போங்க, தனியா போனா நாலு பேரு நாலு விதமா பேசுவான்" என்று அந்தம்மா என்னையும் சேர்த்து அனுப்பினார். அந்த ஒரு உத்தரவுக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. என் கடமையை முழு மனசோடு செய்தேன். பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். கடற்கரை மணலில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். கடற்கரைக் கோயிலைப் பார்த்தபடி நடந்தபோது கூட்டம் நெரிக்க, நான் மட்டும் ஆப்பு மாதிரி நடுவிலேயே நின்றேன். அவர் எனக்கு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தை வாங்கித் தந்தார், பிறகு சுண்டல், பிறகு பலூன் சுடத் துப்பாக்கி. வாய், கை எல்லாவற்றுக்கும் வேலை கொடுத்துவிட்டு, என் தலைக்கு மேலாக அக்காவிடம் ஏதோ சொல்வார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பலூன் சுட்டு முடித்துத் திரும்பினால், பக்கத்தில் ஒருவர் விரித்த குடையின் கம்பிகளில் வரிசையாக வாட்ச் மாட்டி விற்றுக்கொண்டிருந்தார். எல்லாம் ஃபாரின் என்றார். நம்பாத ஒருவரிடம் ஒரு வாட்சைக் கொடுத்து, "கையால பொத்தி உள்ள பாருண்ணாத்த. எரியுதா? பச்சையா எரியுதா? அதான் ரேடியம். எரிஞ்சா ஒரிஜினல். எரியலன்னா டூப்ளிகேட்டு. வேற டெஸ்டே கெடையாது" என்றார். நானும் ஒன்றைப் பொத்திப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே இருந்த இருட்டில் பன்னிரண்டு எண்களும் பூனைக் கண் மாதிரி ஜொலித்தன.

மாப்பிள்ளை கையில் தாத்தா வாட்ச் இருந்தது. அதை அவர் ஆபீசுக்குக் கட்டமாட்டார், நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும்தான். நான் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பொத்தி, கண்ணை ஒட்டவைத்து உள்ளே பார்த்தேன். கும்மிருட்டு. கண் பழகட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். ஒரு எண்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"இன்னா மச்சான் பாக்கற?"

"மணி பாத்தேன் மாமா."

நான் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அக்காவின் முகம் மலர்ந்தது. எனக்கோ உள்ளுக்குள் வேறு ஏதோ மலர்ந்துகொண்டிருந்தது. கணக்கு சுலபம். வாட்ச் டூப்ளிகேட். டூப்ளிகேட்டை எந்த மாப்பிள்ளை கட்டுவார்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்பா வேறு வழியில்லாமல் புது பேட்டரி வாட்ச் வாங்கித் தருவார். தாத்தா வாட்ச் பீரோவுக்குத் திரும்பி வரும். டூப்ளிகேட்டாக இருந்தால் எனக்கென்ன? என் வாட்ச் எனக்கு. சதுரங்கப்பட்டினம் திரும்புகிறவரை பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நான் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்தேன். வெற்றி பெற்றவனுக்குப் பெருந்தன்மை தானாக வந்துவிடும்.

மறுநாள் மத்தியானம் கறிச்சோறு. ஆண்கள் எல்லோரும் கூடத்தில் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா குண்டானும் கரண்டியுமாகப் பரிமாறினார். அக்கா தண்ணீர்ச் செம்போடு சமையலறை வாசலில் நின்றாள். என் அம்மா உள்ளே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். துபாய் மாமா எலும்பை உறிஞ்சியபடியே மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"கல்யாணத்துலயே கேக்கணும்னு இருந்தேன். இது எந்த ஊரு சரக்கு?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுவிஸுங்க. எங்கப்பா காலத்துது. அசல் ஒரிஜினல்."

இதற்குமேல் நல்ல சந்தர்ப்பம் எனக்கு எங்கே கிடைக்கும்? வாயிலிருந்த கறியைக்கூட விழுங்காமல் சொன்னேன்.

"ஒரிஜினல் இல்ல. நான் பொத்திப் பாத்தேன். இருட்டுல எரியல."

அப்பா இலையில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். துபாய் மாமா மட்டும் உற்சாகமாகிவிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவி, வேட்டியில் துடைத்து, "கயட்டு" என்று வாட்சை வாங்கினார். காதில் வைத்துக் கேட்டார். உள்ளங்கையில் வைத்து வெங்காயம் எடை பார்ப்பது மாதிரி தூக்கித் தூக்கிப் பார்த்தார். முதுகுப் பக்கத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு கட்டில் மேலிருந்த கம்பளியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கம்பளிக்குள்ளிருந்து "உம்... உம்..." என்று சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வியர்த்து விறுவிறுக்க வெளியே வந்து சொன்னார்.

"பையன் சொல்றது கரீக்ட்டு. ஒண்ணும் எரியல. லோக்கல்."

கூச்சல் போட்டு ஒரு சண்டை நடக்கும், வாட்ச் திரும்பி வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அந்தம்மா கத்தவில்லை. கரண்டியைக் குண்டானுக்குள் போட்டார். அது உள்ளே போய் 'டங்' என்று விழுந்தது.

"சம்பந்தி, வாட்ச்சுக்கு நாங்க ஆசப்பட்டோமா? வாயத் தொறந்து இது வோணும் அது வோணும்னு கேட்டோமா? நீங்களா சபையில எயுந்து நின்னு, சுவிஸு, வம்சத்து வாட்ச்சுன்னீங்க. நானும் நம்பி ஊரெல்லாம் சொல்லி வெச்சிகீறேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தம்மா விடவில்லை.

"கையில கட்டறதே இப்டின்னா, கயுத்துல போட்டுகினு வந்தது எப்டின்னு யாருக்குத் தெரியும்? பொண்ணு நகையையும் ஒருவாட்டி ஒரசிப் பாத்துடலாமா சம்பந்தி?"

அக்காவின் கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. செம்பு சாய்ந்து தண்ணீர் அவள் காலில் ஊற்றியது. அவள் கவனிக்கவில்லை. சமையலறையில் அப்பளம் பொரிகிற சத்தம் நின்றுவிட்டது.

என் கணக்கில் வாட்ச் மட்டும்தான் திரும்பி வருவதாக இருந்தது. இப்போது அக்காவும் சேர்ந்து வந்துவிடுவாள் போலிருந்தது. யோசித்துப் பார்த்தால் நான் ஆவணியிலிருந்து வேண்டிக்கொண்டிருந்த இரண்டும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பப்போகின்றன, நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தோடு அவள் வந்து எனக்குத் தோசை ஓரம் பிய்த்துப் போட்டால் என்னால் தின்ன முடியாது என்று தோன்றியது. உடனே வாயைத் திறந்து, "எரிஞ்சுது, எரிஞ்சுது, நான்தான் சரியா பாக்கல" என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். வாய் நிறைய கறி. அவசரமாக விழுங்கப்போய்ப் புரையேறிவிட்டது. குடும்பமே இடிந்து நிற்கிற நேரத்தில் நான் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை இடது கையால் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். வலது கையால் குழம்பைப் பிசைந்தார். பிசைந்ததை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"அது எரியாதும்மா. எரிஞ்சாத்தான் டூப்ளிகேட்டு."

"இன்னாபா சொல்ற?" என்றார் துபாய் மாமா.

"நெசமான ரேடியம் கொஞ்ச வருசம்தான் மாமா எரியும். அப்பால வெளிச்சம் செத்துப்பூடும். உள்ள கீற வேகம் மட்டும் சாவாது. நம்ம பேரன், அவன் பேரன் காலத்துக்கும் அப்டியே இருக்கும். இப்ப புதுசா எரியுதுன்னா அது சும்மா பெயின்ட்டு."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"எனக்கு எங்க தெரியும். மிஷினுக்குத் தெரிஞ்சிது." அவர் இன்னொரு கவளம் உருட்டினார். "எங்க ஆபீசுல வெளிய வரும்போது கேட்டாண்ட ஒரு மிஷின் கீது. கை கால வெச்சு காட்டிட்டுத்தான் வரணும். உள்ளேர்ந்து ஒரு தூசு ஒட்டிக்கினு வந்தாலும் கத்திடும். கல்யாணம் ஆன புதுசுல ஒருநா இந்த வாட்ச்ச கட்டிக்கினு பூட்டேன். சாயங்காலம் கைய வெச்சேன், கீய்ய்னு ஒரே கத்து. ரெண்டு பேரு ஓடியாந்தாங்க. கைய கயுவுன்னாங்க. கயுவினேன். கத்துது. சட்டையக் கயட்டுன்னாங்க. கயட்டினேன். கத்துது. அட்டாமிக்கையே தூக்கிக்கினு போறவன மாதிரி என்ன சுத்தி நின்னுகினு பாக்கறாங்க. கடைசீல வாட்ச்ச கயட்டி மேஜ மேல வெச்சிட்டு கைய வெச்சேன். கப்சிப்."

"அப்பறம்?" என்றார் அந்தம்மா. கரண்டியைக் குண்டானிலிருந்து எடுத்திருந்தார், ஆனால் பரிமாறவில்லை.

"பெரிய ஆபீசரு ஒருத்தரு வந்தாரு. கண்ணாடி வெச்சு பாத்தாரு. யோவ், இது அந்தக் காலத்து அசல் சுவிஸு ரேடியம், இப்ப தேடினாலும் கெடைக்காது, யாரு குட்த்தாங்கன்னாரு. மாமனாருன்னேன். குட்த்து வெச்சவன்யா நீ, ஆனா நாளைலேர்ந்து வூட்ல வெச்சிட்டு வா, எங்க மிஷினு பாவம்னாரு. அதான் ஆபீசுக்குக் கட்டறதில்ல."

"இத்தினி நாளா ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ பயந்துகினு தூக்கி கெணத்துல போட்டுடுவ."

அந்தம்மா மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "நீ துபாய்ல இன்னாத்தப் பாத்த? எரியறதும் தெரியல, எரியாததும் தெரியல" என்றார். துபாய் மாமா, அரபு நாட்டில் வெயில் ஜாஸ்தி, அங்கே ரேடியத்தின் குணமே வேறு என்று ஏதோ முனகினார். அடுத்த நிமிஷம் என் அப்பாவின் இலையில் நெஞ்செலும்பும் ஈரலுமாக இரண்டு கரண்டி விழுந்தது. "சாப்டுங்க சம்பந்தி, ஆறிப்போவுது. எங்க வூட்டு மருமவ கொண்டாந்த வாட்ச்சுக்கு அட்டாமிக்கே அலறிக்கீது, இது தெரியாம நானு..." அக்கா சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள்.

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் முழுசாக உட்காருவதற்குள் அந்தம்மா கேட்டார்: "ஏண்டா, அது ஒடம்புக்கு ஆவாதா?"

"கையில கட்டினா ஒண்ணியும் இல்லம்மா. நாக்குல படாம இருந்தா சரி."

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை. நான் இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தேன். நாக்கு வாய்க்குள் தடித்துவிட்டது மாதிரி இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலைத் துண்டால் அடைத்து, ரசம் போன கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். எரியவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. எரியாவிட்டால்தான் அசல் ரேடியம் என்று உடனே நினைவுக்கு வந்தது. எரியாத நாக்கோடு உலகத்தில் என்னைத் தவிர யாருமே இல்லை என்கிற மாதிரி அங்கே உட்கார்ந்து அழுதேன். செத்துப்போனால் வாட்ச் அவருக்கே நிரந்தரமாகப் போய்விடுமே என்றும் அந்த அழுகைக்கு நடுவில் ஒரு துக்கம்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டு நின்றபோது மெல்லப் போனேன்.

"மாமா, ஒருத்தன் தெரியாம வாட்ச்ச நக்கிட்டான்னா இன்னா ஆவும்?"

"எந்த ஒருத்தன்?"

"என் ஃபிரண்டு."

அவர் உதட்டோரம் இழுத்தது. "உன் ஃபிரண்ட நாக்க நீட்டச் சொல்லு."

நீட்டினேன். அவர் என் முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, டாக்டர் மாதிரி இப்படியும் அப்படியும் பார்த்தார். "உன் ஃபிரண்டுக்கு ஒண்ணியும் இல்ல. கண்ணாடியத்தான் நக்கிக்கீறான். ஆனா அவங்கிட்ட சொல்லு, வாய கொஞ்சம் மூடியே வெச்சா ஒடம்புக்கு நல்லதாம்." நான் தலையாட்டினேன். வைத்திய ஆலோசனை என்றே எடுத்துக்கொண்டு சாயங்காலம்வரை வாயைத் திறக்கவில்லை.

வாட்ச் எனக்குத் திரும்பி வரவில்லை. வருகிற வழியை நானே அடைத்துவிட்டேன். டூப்ளிகேட்டாக இருந்திருந்தாலும் என்றாவது கிடைத்திருக்கும். அட்டாமிக்கே அலறிய வாட்சை யார் கொடுப்பார்கள்? அந்தம்மா அதைப் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்துப் பூட்டினார். விருந்தாளி வந்தால் எடுத்து, தொடாமல் பார்க்கச் சொல்லிக் காட்டுவார். அக்காவை அறிமுகப்படுத்தும்போது, "இவதான் கொண்டாந்தா" என்பார். பதக்கம் வாங்கிய மாதிரி இருக்கும்.

சென்ற வருஷம் அக்கா மகன் அதை வெளியே எடுத்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பழைய வாட்ச் சேர்க்கிற பைத்தியம். முதுகைத் திறந்து, ஒற்றைக் கண் லென்சை மாட்டிக்கொண்டு, நீலமாக எரிகிற டார்ச்சை அடித்து, தெரிந்த நாலு பேருக்குப் படம் அனுப்பி, கடைசியில் தீர்ப்புச் சொன்னான். உள்ளே இருக்கிற மெஷின் அசல் சுவிஸ். வெளி முகம் நம்மூரில் யாரோ கையால் புதுசாக எழுதியது, அந்தக் காலத்தில் அதையே தொழிலாகச் செய்தார்களாம். முள் ஒரு வாட்சுடையது, சாவி இன்னொன்றுடையது. ரேடியம் துளிகூட இல்லை. பச்சைப் பெயின்ட்.

"அப்ப அந்த மெஷின் எப்படிக் கத்துச்சு?" என்று கேட்டேன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு ஆபீசுல ஏதுடா மிஷினு?"

மாமாவின் வேலை அணு எரிகிற இடத்தில் இல்லையாம். ஊழியர் குடியிருப்பில் குழாய் ஒழுகினால், சாக்கடை அடைத்தால் போய்ச் சொல்கிற ஆபீசில். அதன் வாசலில் ஒரு முக்காலியும், அதன் மேல் தூங்குகிற வாட்ச்மேனும்தான் உண்டு. கல்யாணமான மறு மாசமே அக்கா அங்கே சாப்பாடு கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறாள். அந்தக் கறிச்சோற்றின்போது அவள் உள்ளே ஓடியது சிரிப்பை அடக்கமுடியாமல். அந்தம்மாவுக்கும் தெரியாமல் இருந்திருக்காது என்றாள். ஆனால் அப்படி மெஷின் இல்லையென்று சொன்னால், எம் புள்ள அட்டாமிக்ல கீறான் என்று ஊரெல்லாம் சொன்னது என்ன ஆவது?

மாமா ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. பேப்பருக்குப் பின்னாலிருந்து, "கத்திச்சு, கத்திச்சு" என்று மட்டும் சொன்னார். அக்கா மறுபடி சிரித்தாள். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் இதை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த வயசில், இந்தத் தலையோடு.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவருக்குத் தெரியாமயா?" என்றாள். மாப்பிள்ளைக்கு நிஜமாகவே வேலை இருக்கிறதா, கெட்ட பழக்கம் உண்டா என்று விசாரிக்க, சம்பந்தம் பேசுவதற்கு முன்பே அப்பா அந்த ஆபீசுக்குப் போயிருக்கிறார். விலாசம் கேட்பவர் மாதிரி நுழைந்து, வாட்ச்மேனை எழுப்பி, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாசலிலேயே அரை நாள் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவர்.

அதைக் கேட்ட பிறகுதான், அன்றைக்கு ஊர் திரும்பிய பஸ் எனக்கு வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு அம்மாவிடம், "மாப்ள நல்லவரு" என்றார். அம்மா தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போனதும், "ரொம்ப நல்லவரு" என்றார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, யாரும் ஒன்றும் கேட்காமலே, இன்னொரு தடவை சொன்னார். அவர் என்னைப் பற்றி ஒருநாள்கூட இப்படி மூன்று தடவை சொன்னதில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைத்திய ஆலோசனையையும் மீறி வாயைத் திறந்தேன். "வாட்ச்சு தாத்தாவோடது. கத்தினது மிஷினு. அவரு உக்காந்து சோறு தின்னதத் தவிர இன்னா பண்ணாரு?" என்று கேட்டேன்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அச்சரப்பாக்கம் பஸ் எங்கே நிற்கிறது என்று தேடப் போய்விட்டார். ஒரு மெஷின் கத்தியதற்காக ஒரு ஆளை நல்லவர் என்கிறார்களே, இந்தப் பெரியவர்களுக்கு நியாயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் காலி எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.